வால்வை மூடியும் போகாத முகடு

வைவா என்கிற வாய்மொழித் தேர்வுக்கு மூன்றே மணி நேரம் இருந்தது. அப்போது போய் ஜெயபாரதிக்கு அந்தச் சந்தேகம் வந்தது.

நான் அன்புசெல்வி, பல்லடம் ரோட்டில் ஒரு கல்லூரியில் லேப் அசிஸ்டென்ட். பனியன் கம்பெனியில் நிட்டிங் மெஷின் பிட்டரான மயில்சாமியின் மகள் ஜெயபாரதி அங்கே ஆறு வருஷமாக ஆராய்ச்சி செய்கிறாள். அமில ஆவியும் நீராவியும் கலந்த கேஸை நுண்ணிய துளை வழியாக வெற்றிடத்துக்குள் ஜெட்டாகப் பீய்ச்சினால் கடுங்குளிராகிவிடும். அந்தக் குளிரில் அமில மூலக்கூறும் நீர் மூலக்கூறும் சின்னக் கொத்தாகச் சேர்ந்துகொள்ளும். அதனூடே அகச்சிவப்பு ஒளியை விட்டால், கொத்து விழுங்கிய ஒளிக்கு ஏற்ப வரைபடத்தில் முகடு எழும். யாரும் பார்த்திராத ஒரு முகடு அவளுக்குக் கிடைத்திருந்தது. டாக்டர் பட்டமே அதை நம்பித்தான்.

"ஜெட்ட நிறுத்திப் பாத்தியான்னு கேட்டா என்னங்கக்கா சொல்றது?" என்று கேட்டபடி கேஸ் வால்வை மூடினாள். கேஸ் இல்லையென்றால் கொத்து இல்லை, முகடும் போய்விட வேண்டும். மற்ற முகடெல்லாம் படுத்துவிட்டது. அது மட்டும் அப்படியே நின்றது.

காரணம் எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் ஊரில் மெஷினைக் கொஞ்சம் ஓடவிட்டு, அப்புறம்தான் பனியன் வேஸ்டால், அதாவது கம்பெனியில் கழித்த துண்டுத் துணியால், துடைப்போம். இவளும் தினமும் கேஸ் விடாமல் ஒப்பிடுவதற்கான வெறும் அளவை எடுத்துவிட்டு, பிறகே ஒளி நுழையும் கண்ணாடியை அந்தத் துணியால் துடைத்திருக்கிறாள். நிட்டிங்குக்காக நூலில் தடவும் மெழுகு துணியிலிருந்து கண்ணாடியில் ஒட்டியிருக்கிறது; வெறும் அளவில் அது இல்லாததால் புது முகடாகத் தெரிந்திருக்கிறது. அதே துணியால் இன்னொரு தரம் துடைத்துப் பார்த்தாள். முகடு இன்னும் உயர்ந்தது.

"இப்பப் போயி வாயத் தொறக்காதம்மா, ஆரும் கேக்க மாட்டாங்க" என்றார் கைடு வேல்குமார். நானும் கெஞ்சினேன். கேட்டால்தானே!

வைவாவில் அவள் எழுந்து நின்றதும் முதல் பேச்சே அதுதான். "இந்த முகடு கொத்து இல்லீங்க சார், மெழுகுங்க. நான் தொடச்ச துணியில இருந்து வந்ததுங்க."

வெளியூர்ப் பரீட்சகர், அந்த அத்தியாயம் செல்லாது, ஆறு மாதத்தில் மறுபடி அளந்து எழுதுங்கள் என்றுவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவளை நாலு அறை அறைந்திருப்பேன். பிழைக்கத் தெரியாதவள்!

வெளியே மயில்சாமி சலவைச் சட்டையோடு காத்திருந்தார். "டாக்டராயிட்டியா கண்ணு?"

"இல்லீங்கப்பா. அளந்ததுல தப்புப் பண்ணிட்டனுங்க. இன்னும் ஆறு மாசமாகும்."

"கம்பெனியில அத்தன பேருக்கும் ஸ்வீட் குடுத்துட்டு வந்துட்டனே கண்ணு" என்றார் அவர்.

அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், அங்கேயே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.