குப்பம்மா யாருக்குப் போட்டார்?

ஒருவரால் எப்போதும் தவறாகவே இருக்க முடியுமா? சரியாக இருப்பதற்கே எவ்வளவோ உழைக்க வேண்டியிருக்கிறது. ஒருமுறைகூடப் பிசகாமல் தவறாக இருக்க என்ன தவம் செய்திருக்க வேண்டும்?

இந்த யோசனையோடு நான் நின்றிருக்க, குப்பம்மா வஞ்சிரத்தின் செவுளை அறுத்துக்கொண்டே, "இன்னா சார், தலைய நாலா போடவா, ரெண்டா போடவா?" என்கிறார். திருவொற்றியூர் மார்க்கெட்டில் மீன் வெட்டிக் கொடுப்பது அவர் தொழில். அரிவாள்மணையை ஒரு காலால் அழுத்திக்கொண்டு, மீனையும் பார்க்காமல் கையையும் பார்க்காமல், எதிரே நிற்பவரின் முகத்தைப் பார்த்துப் பேசியபடியே வெட்டுவார். தலைக்கு மேல் வெயிலுக்குக் கட்டியிருப்பது ஒரு வேட்பாளரின் பேனர். கும்பிட்டபடி சிரிக்கும் அந்த மனிதர் தோற்றுப் போனவர். "தோத்தவன் பேனருதான் சார் நிலைக்கும். ஜெயிச்சவன் பேனர அவன் ஆளுங்களே வூட்டுக்குத் தூக்கினு பூடுவானுங்க."

குப்பம்மா வாக்களிக்கத் தொடங்கியதிலிருந்து எங்கள் தொகுதியில் அவர் போட்ட ஆள் ஜெயித்ததே இல்லை. கூட்டணி மாறும், சின்னம் மாறும், அலை அடிக்கும், அடிக்காமல் போகும். இது மட்டும் மாறாது. இதை அவர் மறைப்பதும் இல்லை. வாக்குச்சாவடியிலிருந்து வெளியே வந்ததும் யாருக்குப் போட்டார் என்பதைத் தெருவுக்கே கேட்கும்படி சொல்லிவிடுவார். "என் கை, என் ஓட்டு. இதுல இன்னா ரகசியம்?"

அதனால் தேர்தல் வந்தால் அவருக்குக் கிடைக்கும் மரியாதையே தனி. எதிர்க்கட்சியின் வட்டச் செயலாளர் காஜா மொய்தீன் பிரியாணிப் பொட்டலத்தோடு வந்து நிற்பார். "யக்கா, உன் கால்ல வுழறேன். எங்களுக்கு மட்டும் போட்டுடாத. அவனுங்களுக்கே போடு." அவர் போன சூட்டோடு ஆளுங்கட்சிக்காரர் ஆப்பிளோடு வந்து அதையே திருப்பிச் சொல்வார். குப்பம்மா இரண்டையும் வாங்கி வைத்துக்கொள்வார். "ஊர்ல எல்லார்கிட்டயும் ஓட்டு போடுன்னு கேக்குறானுங்க. என்கிட்ட மட்டும் போடாதன்னு கேக்குறானுங்க. மருவாதய பாத்தியா?"

ராசி என்பதை நான் நம்புகிறவன் இல்லை. விசாரித்தபோது விஷயம் எளிதாகத்தான் இருந்தது. குப்பம்மா ஒவ்வொரு முறையும் ஏற்கெனவே பதவியில் இருக்கும் ஆளுங்கட்சிக்காரருக்கே போடுகிறார். "வெள்ளத்துல படகு வுட்டான், சோறு குடுத்தான். துன்னுட்டு இல்லன்னு சொல்றதா?" எங்கள் தொகுதியோ பதவியில் இருப்பவரைத் திரும்ப அனுப்பியதே இல்லை. தண்ணீர் வரவில்லை, காற்று நாறுகிறது, போனவன் திரும்பிப் பார்க்கவில்லை என்று ஒவ்வொரு முறையும் ஆளை மாற்றிவிடும். தொகுதி கோபத்தில் வாக்களிக்கிறது, குப்பம்மா நன்றியில். இதை அவரிடம் விளக்கினேன். "அப்ப நா தப்பு இல்ல, தொகுதிதான் தப்புன்ற?" என்று கேட்டுவிட்டு, வஞ்சிரத்தின் தலையை நாலாகப் போட்டார்.

போன சட்டமன்றத் தேர்தலில் அவர் தம்பி திருமலை கட்டில் சின்னத்தில் சுயேச்சையாக நின்றான். அம்மா போன பிறகு குப்பம்மா இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி. மீனவக் குப்பத்து ஆட்கள் வலை காயப்போடும் இடத்தை கன்டெய்னர் லாரிகள் பிடித்துக்கொண்டிருந்தன. கேட்பார் இல்லை. "ஜெயிக்கிறதுக்கா நிக்கிறேன்? குப்பத்து ஓட்டு மொத்தமா ஒரே எடத்துல வுழுந்தா, எவன் ஜெயிச்சாலும் நம்மகிட்ட வந்து பேசித்தான் ஆவணும்" என்றான். கணக்கு சரிதான். ஆனால் குப்பத்தில் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "உங்கக்கா உனக்குப் போட்டுட்டா இன்னா பண்றது?"

வாக்குப்பதிவுக்கு முதல் நாள் மார்க்கெட்டுக்கே வந்துவிட்டான்.

"யக்கா, என் மேல பாசம் கீதுன்னா எனக்குப் போடாத."

"உன்ன தூக்கி வளத்த கைடா இது."

"அந்தக் கைதான் பேஜாரே! நீ எனக்குப் போட்டேன்னு தெரிஞ்சா ஒருத்தனும் எனக்குப் போட மாட்டான். லாரி அங்கயேதான் நிக்கும்."

"ஒரே ஒரு தபா, மனசார ஒருத்தனுக்குப் போடலாம்னு இருந்தேன்" என்றார் குப்பம்மா. அன்று மட்டும் கையைப் பார்த்து வெட்டினார்.

மறுநாள் காலை பள்ளிக்கூட வாசலில் நடந்ததை என்னால் எந்தச் சித்தாந்தத்திலும் அடக்க முடியவில்லை. வாக்குச்சாவடிக்குள் வரிசையே இல்லை. குப்பமே தெருமுனையில் நின்றுகொண்டிருந்தது. குப்பம்மா போட்டு முடித்து வரும்வரை ஒருவரும் உள்ளே போகப் போவதில்லை. "இன்னாங்கடா, பொண்ணு பாக்கவா வந்துகிறீங்க?" என்று காஜா மொய்தீன் கத்தினார். அவரும் இன்னும் போடவில்லை. யாரோ தாளமே தட்ட ஆரம்பித்துவிட்டார்கள். உள்ளே போனவர்கள் குப்பம்மாவும் ராசியை நம்பாத நானும்தான். நான் அவருக்கு அடுத்து நின்றேன். அட்டை மறைப்புக்குப் பின்னால் அவர் வெகுநேரம் நின்றார். இயந்திரம் 'பீப்' என்று நீளமாகக் கத்தியது.

வெளியே வந்து வாயைத் திறந்தார். "இங்க சொல்லக் கூடாதும்மா, அந்தக் கோட்டத் தாண்டிப் போய்ச் சொல்லு" என்று கெஞ்சினார் காவலர். குப்பம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடந்து, சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி, இடுப்பில் கைவைத்து முழங்கினார்:

"ஆளுங்கட்சிக்குத்தான்டா போட்டேன்! போங்கடா!"

விசில் பறந்தது. கிழவர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாவடிக்குள் ஓடினார்கள். ஆளுங்கட்சி முகவர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

வழக்கம்போல் ஆளுங்கட்சி தோற்றது. கட்டிலும் தோற்றது. ஆனால் குப்பத்து வாக்குகள் அப்படியே கட்டிலில் விழுந்திருந்தன. ஜெயித்தவர் அந்த வாரமே வலைத்திடலுக்கு வந்தார், லாரிகள் நகர்ந்தன. குப்பம்மா வாசலில் சொன்னது உண்மையா? உண்மையென்றால் அவர் போட்ட ஆள் தோற்றார். பொய்யென்றால் தம்பிக்குத்தான் போட்டிருப்பார்; அப்போதும் அவர் போட்ட ஆள் தோற்றார். எப்படிப் பார்த்தாலும் அவருடைய சாதனை முறியவில்லை. பாராட்டுவதில் நான் கஞ்சன். ஆனாலும் இதைப் பாராட்டாமல் இருக்க முடியவில்லை.

திருமலைக்கு அது போதவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, மார்க்கெட் கூட்டத்துக்கு நடுவே அக்கா எதிரே வந்து குந்தினான். "சத்தியமா சொல்லுக்கா. உள்ள எத்த அமுக்கின?"

குப்பம்மா வெட்டுவதை நிறுத்தினார். இரண்டு கையிலும் மீன் ரத்தம். மணிக்கட்டின் பின்புறத்தால் அவன் நெற்றியில் விழுந்திருந்த முடியை ஒதுக்கிவிட்டு, அவன் தலைக்கு மேலாக எட்டிப் பார்த்து, "அட்த்த ஆளு இன்னா மீனுப்பா?" என்றார்.