வாப்பாவின் இடது கை

போன மாதம் ஒரு காலை. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் சமீராவிடமிருந்து வாய்ஸ் மெசேஜ். "உம்மா, வாப்பாவோட இடது கை மறுபடியும் மடங்குது."

பதற வேண்டாம். கைக்கு ஒன்றுமில்லை. இது கோல்ஃப் விஷயம்.

பட்டுக்கோட்டையில் ஏது கோல்ஃப் என்பீர்கள். நானும் அதையேதான் கேட்டேன். சமீராவின் கம்பெனியில் வருஷத்துக்கு ஒரு தடவை குடும்பத்தோடு கோல்ஃப் நாள். பெற்றவரும் பிள்ளையும் ஜோடி சேர்ந்து, ஒரே பந்தை மாற்றி மாற்றி அடிக்க வேண்டும். "வாப்பா, வர்றீங்களா?" என்றாள். என் வீட்டுக்காரர் யோசிக்கக்கூட இல்லை. சரி என்றுவிட்டார்.

ஏன் என்று எனக்குத் தெரியும். அவள் பள்ளிக்கூடம் போன காலமெல்லாம் இவர் ஷார்ஜாவில். ஸ்போர்ட்ஸ் டே, ஆண்டு விழா — எல்லாவற்றுக்கும் நான் மட்டும்தான் போய் உட்கார்ந்திருப்பேன். மகள் கூப்பிட்டு இவர் போகப்போகிற முதல் விழா இது. நாலு பேர் எதிரில் பிள்ளைக்குத் தலைகுனிவு வந்துவிடக் கூடாதே... அதுதான் அவர் கவலை.

சரி, எங்கே பழகுவது? தோப்பில் அடித்தால் பந்து தென்னையில் பட்டு நம் மண்டைக்கே திரும்புகிறது. வயலில் உளுந்து நிற்கிறது. கடைசியில் மொட்டைமாடிதான் வாய்த்தது. அதிராம்பட்டினத்தில் பழைய மீன்வலை ஒன்று வாங்கி வந்து கட்டினார். கீழே தேங்காய் நார் மிதியடி, அதன் மேல் பந்து, கையில் கிளப் என்கிற கோல்ஃப் மட்டை. நான் செல்போனில் வீடியோ எடுத்து அனுப்புவேன், மகள் பார்த்துத் திருத்தம் சொல்வாள். சம்பளமில்லாத கேமராமேன் உத்தியோகம் எனக்கு.

"பந்துலேர்ந்து உங்க தோள் வரைக்கும் ஒரு தகரக் கூரை சாய்ஞ்சு நிக்குதுன்னு நெனச்சுக்கங்க வாப்பா. கிளப் அந்தக் கூரை மேலேயே வழுக்கி ஏறணும், வழுக்கி எறங்கணும்" என்றாள். இவர் முதலில் விறகு பிளக்கிற மாதிரி செங்குத்தாக இறக்கினார். பிறகு கூரை ஒருவழியாகப் பிடிபட்டது. கைதான் சொன்னபடி கேட்கவில்லை.

பந்தில் படும் நொடியில் இடது கை நேராக இருக்க வேண்டுமாம். வலது கை கொஞ்சம் மடங்கினால் பரவாயில்லையாம். இவருக்கோ சரியாக அந்த நொடியில் இடது முழங்கை வெளியே துருத்திக்கொள்ளும். கிளப் மேலே ஏறிப் பந்தின் உச்சியைத் தட்டும். பந்து உருண்டு போய்த் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் நிற்கும். இதற்கு கோல்ஃபில் சிக்கன் விங் என்று பேராம். பிரியாணி ஊரில் இதற்கு மேல் விளக்கம் தேவையா?

அதிசயம் என்னவென்றால், ஒருநாள் துணி காயப்போட மாடி ஏறினேன். இவர் தனியாக அடித்துக்கொண்டிருந்தார். கை நேராக இருந்தது. வலை பின்னால் போய் வந்தது. அடடா என்று போனை எடுத்துக்கொண்டு போய் நின்றேன்... மறுபடியும் சிக்கன் விங். இந்த வயதில் கேமராக் கூச்சமா என்று கேலி செய்தேன். அவர் சிரிக்கவில்லை. "புள்ளைட்ட முடியலன்னு சொல்லிரவா?" என்றார். எனக்குச் சுருக்கென்றது.

அன்று சாயங்காலம் மகள் போன் செய்தாள். "உம்மா, நீ எடுத்த வீடியோவ எல்லாம் சவுண்டு வச்சுக் கேளு."

கேட்டேன். ஒவ்வொன்றிலும் கிளப் இறங்குகிற நேரத்தில் ஒரு பெண் குரல். "பாத்துங்க..."

என் குரல்தான். போன மழைக்கு மாடி ஒழுகி, கொத்தனாரைத் தேடிப் பிடித்து மாடித் தரையின் தட்டோடுகளை மாற்றியிருந்தோம். கிளப் பட்டு ஓடு பேந்துவிட்டால்? அந்தப் பயம் வாய்வழியே வந்திருக்கிறது. ஷார்ஜாவுக்குப் பேசிய காலத்திலும் போனை வைக்கும் முன் கடைசியாக நான் சொன்னது இந்த வார்த்தைதான். பாவம், மனுஷன் அதைக் கேட்டதும் கையைச் சுருக்கிப் பழகியிருக்கிறார்.

இனி வாயைத் திறப்பதில்லை என்று மகளுக்கு வாக்குக் கொடுத்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பெங்களூர். சுற்றிலும் சமீராவின் ஆபீஸ் ஆட்கள். முதல் பந்துக்கு இவர் போய் நின்றார். நின்றுகொண்டே இருந்தார். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார்.

"என்ன, ஒண்ணும் சொல்லலையா?"

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினேன். கிளப் வழுக்கி ஏறியது, வழுக்கி இறங்கியது. இடது கை நேராக இருந்தது. பந்து எழும்பிப் போய் நட்ட நடுப் புல்லில் விழுந்தது. சமீரா ஓடிப்போய் அத்தனை பேர் எதிரில் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சொல்ல என்ன வெட்கம்?

அடுத்த முறை அவர் அடிக்க வேண்டிய இடத்தில் எதிரே ஒரு குளம். நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். கிளப் இறங்கும் நேரம் என் பக்கத்திலிருந்து மெல்லிசாக ஒரு குரல் — "பாத்து வாப்பா..."

சமீரா!

பந்து குளத்தில். அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். இவருக்குக் கோபமே இல்லை. "அப்படியே ஒன்ன மாதிரி" என்று என்னிடம் சொல்லிவிட்டு, அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டே இருந்தார்.

பரிசு கிடைக்கவில்லை. ஆனால் ஒன்று, அந்தக் குளத்துப் பந்துக்கு நான் பொறுப்பில்லை.