வாசற்காரருக்கு வசனம் இல்லை

எங்கள் ஊர்ச் சித்திரைத் திருவிழா நாடகத்தில் துரைக்கண்ணு முப்பத்தோரு வருடமாக நடிக்கிறார். முப்பத்தொன்றிலும் வாயிற்காவலர் வேஷம்தான். ராஜா வடக்குத் தெரு, மந்திரி வடக்குத் தெரு, ஈட்டி மட்டும் காலனித் தெரு. பூதலூர் வட்டாரம் முழுக்கக் கதிர் அறுக்கும் இயந்திரம் ஓட்டி மூன்று மா நிலம் வாங்கியவர், மகளைப் பல் மருத்துவர் ஆக்கியவர். மேடையில் ஒரு வரி வசனம் மட்டும் அவருக்கு வாய்க்கவில்லை.

போன வருடம் நாடகச் செலவு முழுவதையும் பாரிஸில் ஓட்டல் வேலை பார்க்கும் எங்கள் ஊர்ப் பையன் சதீஷ் ஏற்றுக்கொண்டான். ஒரே ஒரு நிபந்தனை. அவனுக்குப் பிடித்த பழைய பிரெஞ்சுக் கொள்ளைக்கூட்டப் படம் ஒன்றைத்தான் நாடகமாகப் போட வேண்டும். அதுவரை புராணம் மட்டுமே பழக்கியிருந்த நாடக வாத்தியார் இராஜாங்கம் அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தை நான்கு தடவை பார்த்தார்.

"இது பங்காளிச் சண்டைதான்யா. நெலத்துக்குப் பதிலா நகை, அவ்வளவுதான்" என்றார்.

படத்தில் ஏழு கொள்ளையர்கள். ஏழு பேருக்கும் மழைக்கோட்டு, தொப்பி, ஒரே முகம். ஒரு பெண் வருகிறாள். பாடி முடித்ததும் படத்தைவிட்டே போய்விடுகிறாள். வெள்ளையர் அல்லாதவர் ஒரே ஒருவர், மதுக்கடை வாசலில் நிற்கும் ஆப்பிரிக்கர். பதினான்கு தடவை கதவைத் திறக்கிறார். அவருக்குப் பெயரும் இல்லை, பேச்சும் இல்லை.

"துரைக்கண்ணு, ஒனக்குன்னே எழுதுனாப்புல இருக்குய்யா!" இராஜாங்கத்துக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

"பாரிஸ்லயும் அதே உத்தியோகமா வாத்தியாரே?"

வீட்டில் மனைவி அம்சம் விழுந்து விழுந்து சிரித்தார். "பாத்தீங்களா, நம்ம தெரு பிரான்சு வரைக்கும் போவுது."

மறுநாள் துரைக்கண்ணு நேராகவே கேட்டார். "'உள்ள வாங்க'ன்னு ஒரு வார்த்தை சொல்லிக்கிறேனே."

இராஜாங்கம் சதீஷுக்குப் போன் போட்டார். "மாமா, அது கிளாசிக். படத்துல இல்லாதத ஒரு எழுத்துகூடச் சேக்கக் கூடாது" என்று முடித்துவிட்டான் அவன்.

ராத்திரி நாடகத்துக்குப் போலீஸ் அனுமதி கிடைக்காததால் மாலை ஐந்து மணிக்கே தொடங்கியது. சித்திரை வெயிலில் ஏழு மழைக்கோட்டுகள். இரண்டாவது காட்சியிலேயே ஒரு கொள்ளையருக்கு மோர் கொடுத்து நிமிர்த்த வேண்டியிருந்தது. துரைக்கண்ணு கணக்குத் தவறாமல் பதினான்கு தடவை கதவைத் திறந்தார். கடைசியில் நகைப் பங்கில் தகராறு வந்து ஏழு பேரும் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டு விழுந்தார்கள். படம் அங்கே முடிந்துவிடுகிறது.

எங்கள் ஊரில் நாடகம் அப்படி முடியக் கூடாது. சாமிக்கு முன்னால் போடுவது, மங்களம் பாடித்தான் திரை இறங்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த வருடம் ஆற்றில் தண்ணீர் வராது என்பார்கள். செத்த வேஷக்காரர் மங்களம் பாட முடியாது. பாடி முடிகிறவரை எழுந்திருக்கவும் கூடாது. புராணத்தில் ராஜாவாவது பிழைத்திருப்பார், பாடிவிடுவார். இங்கே யாரும் மிச்சமில்லை. பாட்டுக்காரியாக வந்த நடிகையும் தன் பாட்டு முடிந்ததுமே திருவையாறு பஸ்ஸில் ஏறிவிட்டார்.

இராஜாங்கம் ஆர்மோனியத்துக்குப் பின்னாலிருந்து பதறினார். "துரைக்கண்ணு! நீ ஒருத்தன்தான்யா உசுரோட இருக்க. மங்களம் பாடுய்யா!"

"எனக்குப் பேச்சே இல்லியே வாத்தியாரே. சதீஷ் தம்பி கோவிச்சுக்குமே."

கூட்டம் குலுங்கியது. செத்துக் கிடந்த கொள்ளைத் தலைவன் கண்ணைத் திறக்காமலே கெஞ்சினான். "அண்ணே, கோட்டுக்குள்ள வேவுதுண்ணே. பாடிடுங்கண்ணே." வடக்குத் தெருவிலிருந்து அவருக்கு வந்த முதல் 'அண்ணே' அது.

துரைக்கண்ணு கதவை விட்டுவிட்டு மேடை நடுவுக்கு வந்தார். மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கினார்.

"பாடுறேன். ஆனா வேஷக்காரன் மொதமொதல்ல வாயத் தொறக்கிறப்ப, தான் யாருன்னு சொல்லிட்டுத்தான் பாடணும். அதுதான முறை, வாத்தியாரே?"

இராஜாங்கம் தலையாட்டினார். அந்த முறையை ஊருக்கே சொல்லிக்கொடுத்தவர் அவர்தான்.

"பாரிஸ் பட்டணத்து மதுக்கடை வாசல்ல நிக்கிற என் பேரு துரைக்கண்ணு" என்று துரைக்கண்ணு தொடங்கினார். "எங்க அப்பா பேரு பஞ்சநதம். அவரு பொறந்தது..."

மேடையில் ஏழு பேரும் ஒன்றாக முனகினார்கள். முன்வரிசையிலிருந்து அம்சத்தின் குரல் வந்தது.

"ஏங்க, மெதுவாவே சொல்லுங்க. அவசரமில்ல."