இரண்டு சீசா, ஒரு டப்பா

பெயின்ட் கடையில் சாயம் கலப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. எந்தச் சுவருக்கும் கேட்ட நிறத்தைக் கொடுப்பாள். தன் முகத்துக்கு மட்டும் கொடுக்க முடியவில்லை. பிறவியிலேயே வந்த ரத்தசோகை. இரும்புச்சத்து எவ்வளவு உள்ளே போனாலும் ரத்தமாகாத அபூர்வ வகை. பிளம்பர் தம்பிக்கும் அதே சொத்துதான். பாகப்பிரிவினையில் பெற்றோர் பாரபட்சம் காட்டவில்லை. தெருக்காரர்கள் அவளுக்குச் 'சுண்ணாம்பு' என்று பட்டம் சூட்டிக் கௌரவித்திருந்தார்கள்.

மாதந்தோறும் அக்காவும் தம்பியும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுத்து, யாரோ தானம் செய்த ரத்தத்தை ஏற்றிக்கொள்வார்கள். அதிலிருந்து விடுதலை வாங்கித் தரக்கூடும் என்று ஆஸ்பத்திரியில் ஒரு வைட்டமின் மாத்திரையைச் சோதிக்க ஆரம்பித்தார்கள். பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை. மீதிப் பேருக்குப் பார்க்க அதே மாதிரி வெறும் மாவு. யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது.

"தெரியாம வைத்தியம் பாக்கறதுக்கா டாக்டரம்மா இவ்வளவு படிச்சீங்க?"

"தெரிஞ்சா ஆசையில நானே தப்பா பாத்துடுவேம்மா. அதான் இந்தக் கண்கட்டு."

ஆளுக்கொரு சீசாவோடு வீடு வந்தார்கள். சாயக்காரியின் கை சும்மா இருக்குமா? இரண்டையும் ஒரே டப்பாவில் கவிழ்த்து, மூடியை அழுத்தி, கடையில் செய்வது போலவே குலுக்கு குலுக்கென்று குலுக்கினாள். இனி எது வந்தாலும் ஆளுக்குப் பாதி. நீதி நிலைநாட்டப்பட்டது.

அடுத்த தடவை பார்த்தபோது இருவர் ரத்த அளவும் ஏறியும் ஏறாமலும் நின்றது. டாக்டர் துருவித் துருவிக் கேட்க, தம்பி உளறிவிட்டான். டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"உங்க ரெண்டு பேரையும் சோதனையிலேர்ந்து எடுத்துட வேண்டியதுதான்."

"எடுங்க பாப்போம். ஒரு மிட்டாய் கிடைச்சாலும் கடிச்சுப் பாதியாக்கித் தின்னவங்க நாங்க. இவன் மாவைத் தின்னுட்டுக் கெடக்க, நான் மட்டும் செவந்து திரியணுமா? ரெண்டு பேருக்கும் நிஜத்தைக் குடுங்க, இல்ல ரெண்டு பேருக்கும் மாவைக் குடுங்க. அதுவரைக்கும் இந்த நாற்காலிய விட்டு எந்திரிக்க மாட்டேன்."

"அக்கா, மெதுவா..."

"நீ உளறினது போதும், வாயை மூடுடா."

ஆஸ்பத்திரியின் பெரிய மனிதர்கள் கூடினார்கள், கலைந்தார்கள், மறுபடி கூடினார்கள். ஒரே குடும்பத்துக்கு இனி ஒரே வகை மாத்திரை. பழைய மருந்து உடம்பை விட்டுப் போனதும் இவர்களுக்கு முதலிலிருந்து தொடக்கம். எந்த வகை என்று இப்போதும் யாருக்கும் தெரியாது.

புதுச் சீசாவைத் திறந்தபோது தம்பி கேட்டான்: "ரெண்டுமே மாவா இருந்தா?"

"சேந்தே ஏமாறுவோம். நிஜமா இருந்தா, இந்தத் தெரு எனக்கு வேற பேரு தேடட்டும்."

மடக்கென்று விழுங்கினாள்.