சுரண்டி படாத மூலை

தேயிலைக் கொழுந்துச் சாக்கை நிறுவை முடிந்ததும் தோளிலிருந்து இறக்கிவிடலாம். வீட்டுக்குப் பின்னால் நிற்கும் மேட்டைத்தான் விஜயகலாவால் எங்கும் இறக்கி வைக்க முடியவில்லை. மலையில் நிற்கும்போதும் அதே நினைவு; வானம் சற்றுக் கறுத்தால் கை தானாகவே நின்றுபோகும்.

இலங்கையில் ஓப்பநாயக்க ஊருக்கு மேலேயுள்ள அந்தத் தோட்டத்தில், லயத்து வரிசை வீட்டை விட்டுத் தனி வீட்டுக்கு வந்து ஒரு பெருமழை கண்டாயிற்று. ஏழு பேர்ச் காணியும் வீடும் கிடைத்ததில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வீட்டுக்கு இடம் எடுக்க மலையை இயந்திரம் வெட்டிய வெட்டுத்தான் குறை. சமைக்கும் குசினிக்குப் பின்னால் ஆளுயரத்துக்கும் மேலாகச் சிவப்பு மண் செங்குத்தாக நின்றது. சென்ற வைகாசி மழையில் அதில் ஒரு பாளம் சரிந்து குசினிக் கதவை மூடிவிட்டது. அந்நேரம் அவள் மலையில் இருந்தாள்; முழங்கால் வாதத்தால் வேலையை விட்டுவிட்ட கணவன் கன்னையா முன்வாசலில் இருந்தான். அடுத்த பாளமும் ஆளில்லாத நேரம் பார்த்துத்தான் விழும் என்பதற்கு யார் பிணை?

மண்சரிவைப் பார்வையிட வந்த பெண் அதிகாரி, மேட்டில் வேரோடிப் பிடிக்கும் நாட்டுச் செடிகளை நடும்படி சொல்லிப்போனார். போவிட்டியா, கெகில்ல என்று சிங்களப் பெயர் இரண்டையும் சொன்னார். முன்னது ஊதாப்பூப் பூக்கும் புதர். பின்னது ரோட்டுக் கரைகளில் பின்னிக் கிடக்கும் பன்னம் என்ற பெரணி.

எதை நடுவதானாலும் முதலில் நிலம் சுத்தமாக வேண்டும் என்பது விஜயகலாவின் கையில் ஊறிய பாடம். கொழுந்துக்குப் போகுமுன் பல வருடங்கள் அவள் களையெடுக்கும் புல்லுவெட்டுக்குப் போனவள். ஞாயிறுதோறும் சுரண்டியோடு ஏறி, தலைகாட்டிய பச்சையையெல்லாம் வேரோடு வழித்து இறக்கினாள். மேடு கழுவிய அம்மிபோல் மினுங்கியது. அவ்வழியே போன கங்காணிகூட நின்று பார்த்தார்.

"இந்தக் கையி இன்னமும் புல்லுவெட்டுல இருந்தா எனக்கு ஏன் புள்ள தலவலி?" என்றார்.

அந்தச் சொல்லின் இனிப்பில் அன்றைய முதுகுவலி பாதியாகக் குறைந்தது.

நிலம் தயார், செடிதான் இல்லை. சம்பளத்துக்கு மறுநாள் பஸ்ஸேறி டவுனுக்குப் போய், கபூரின் பூச்செடிக் கடையில் கேட்டாள். வாசலில் குரோட்டனும் செம்பருத்தியும் பெயர் தெரியாத மஞ்சள் பூவும் கறுப்புப் பைகளில் வரிசையாக நின்றன.

"போவிட்டியாவா?" கபூர் பூவாளியைக் கீழே வைத்தார். "தங்கச்சி, அத நான் பையில போட்டு வித்தா இந்த ரோட்டே நின்டு சிரிக்கும். அந்த மஞ்சளக் கொண்டு போங்க. கண்ணுக்கு நல்லா ஈக்கும்."

"கண்ணுக்கு வேணாங்க, கபூர் நானா. மண்ணுக்கு வேணும்."

"அப்ப கடையில தேடாதீங்க. ஒங்கட தோட்டத்து ரோட்டுக் கரையெல்லாம் அதுதானே கெடக்குது? காட்டுக்குள்ள மட்டும் கை வெச்சிடாதீங்க, வன இலாகாக்காரன் புடிப்பான்."

வந்த வழியே திரும்பினாள். கணக்கப்பிள்ளையிடம் கேட்டுக்கொண்டு, ரோட்டுக் கரையில் போவிட்டியாவைத் தோண்டி, கெகில்லவைக் கட்டாகப் பிடுங்கிச் சாக்கில் சுமந்தாள். கன்னையா வாசலிலிருந்து பார்த்தான்.

"ஆயுசு பூராவும் புடுங்கி எறிஞ்ச சனியன இப்ப தலயில வச்சிச் சொமந்துக்கிட்டு வாரியே!"

"சிரிங்க. மண்ணு வந்து மூடுறப்பவும் சிரிங்க."

நட்டவை நிற்கவில்லை. கெகில்ல மூன்றாம் நாளே பழுத்துச் சுருண்டது. போவிட்டியா இலையுதிர்த்துக் குச்சியாயிற்று. மறுபடி தோண்டினாள், மறுபடி சுமந்தாள், வேலை விட்டு வந்து குடம் குடமாக நீர் ஊற்றினாள். அவையும் காய்ந்தன. செடிகளுக்கிடையே முளைத்த பச்சையை மட்டும் அவள் ஒரு ஞாயிறும் விட்டுவைக்கவில்லை.

சித்திரையில் ஒரு பின்னேரம் இடிமழை கொட்டியது. அவள் நனைந்துகொண்டு வீடு சேர்ந்தபோது குசினிக் கதவின் அரைவாசிக்கு மண் நின்றது. உள்ளே கஞ்சிப்பானையில் சேறு.

"நா முன்னுக்குத்தான் இருந்தேன்" என்றான் கன்னையா. அவன் குரலில் கேலி இல்லை.

மண்வெட்டியை எடுத்து அள்ளத் தொடங்கினாள். அழுவதற்கும் தெம்பு வேண்டும்; அது இல்லை. அள்ளி அள்ளிக் கக்கூசு ஓரத்துக்கு வந்தவள் நிமிர்ந்தாள். அங்கே மேடு அப்படியே நின்றது. அந்த மூலை ஏறுவதற்கு வழுக்கும், சுரண்டி எட்டாது, அடுத்த ஞாயிறு, அடுத்த ஞாயிறு என்று தள்ளிவிட்ட இடம். கெகில்ல அங்கே பாய்போலப் பின்னிக் கிடந்தது. நடுவே ஒரு போவிட்டியா, மழைநீர் சொட்டும் ஊதாப்பூவோடு நின்றது.

மண்வெட்டியைக் கீழே வைத்தாள்.

"ஏங்க, இத நா நடல."

"நீ நடாததுதான் நிக்கிது" என்றான் கன்னையா. சொன்ன பிறகு, சொல்லியிருக்க வேண்டாம் என்பதுபோல் தலையைத் தடவினான்.

வழித்து எறிந்த பச்சைகள் ஒவ்வொன்றாக அவள் நினைவுக்கு வந்தன. அவற்றைப் பிடுங்கும் வகை அவளுக்குத் தெரியும். வளர்ந்தால் என்னவாகும் என்று பார்த்ததேயில்லை. களை வளர விட்டவளுக்குத் தோட்டத்தில் பேர் ஏது?

"அந்தச் சுரண்டிய எங்கிட்டாவது ஒளிச்சு வச்சிருங்க" என்றாள். "எனக்கு எடம் தெரிய வேணாம்."

தேயிலைச் செடியில் வெட்டிப்போட்ட மிலாறுக் குச்சிகளைக் குறுக்கே கிடத்தி முளையடித்தாள். ரோட்டுக் கரையில் காய்ந்து வெடித்த போவிட்டியாக் காய்களை மடியில் உருவி வந்து மேடெங்கும் தூவினாள். பிறகு செய்ய ஒன்றுமில்லை. அந்தச் சும்மா இருத்தல்தான் எல்லா வேலையிலும் பெரிய வேலையாக இருந்தது. ஞாயிறு வந்தால் விரல் துருதுருத்தது. பக்கத்து வீட்டுக் கோகிலா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"என்னாக்கா, மேட்டக் காடாப் போட்டுட்டீங்க? பாம்பு குடி வரப்போவுது!"

"வரட்டும். அதுக்காவது மண்ணு சரியாம இருக்கட்டும்."

வைகாசி மழை வந்தது. குசினியை முன் விறாந்தைக்கு மாற்றிவிட்டு இருவரும் ஓசையைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மழை விட்டதும் அவள் பின்னால் போனாள். நடுவில் கொஞ்சம் மண் குச்சிகளை மீறி இறங்கிக் கதவடியில் குவிந்திருந்தது, கதவை மூடவில்லை. மற்ற இடமெல்லாம் விரல்நுனிப் பச்சை பிடித்து நின்றது. எது போவிட்டியா, எது வெறும் புல் என்று அவளுக்கு இன்னும் பிரிக்கத் தெரியவில்லை.

அள்ளிய மண்ணில் ஒரு முளை வந்தது. கை பழக்கத்தில் அதைக் கிள்ளப் போயிற்று, பாதியில் நின்றது. மண்ணோடு எடுத்து, எட்டிய உயரத்தில் அப்பினாள்.

"போதும் புள்ள, வந்து ஒக்காரு" என்றான் கன்னையா.

வைகாசி மழை இன்னும் முடியவில்லை. ஆனாலும் போய் உட்கார்ந்தாள்.