ஆளுக்கு இரண்டு அகப்பை

பொன்னுத்தாயைத் தெருவில் பயந்தாங்கொள்ளி என்றுதான் சொல்வார்கள். மிராசுதாரின் கணக்கு வழக்கைப் பார்க்கும் காரியஸ்தரின் சைக்கிள் மணி கேட்டால் போதும், வரப்பை விட்டு இறங்கிச் சேற்றில் நின்றுவிடுவாள். நன்னிலம் பக்கம் பிறந்து, குடவாசலுக்கு அருகே வாக்கப்பட்டு வந்தவள். வந்த நாளாக மிராசுதார் வயலில் நடவு, களையெடுப்பு, அறுப்பு. அவளுக்கு வாய்த்தவனோ நேர் எதிர். காத்தான் செங்கொடி பிடித்தால் முன்வரிசையில்தான் பிடிப்பான்.

சென்னையில் ஆட்சி மாறியிருந்தது. இனி ஏழைகளின் காலம் என்று மேடைக்கு மேடை பேசினார்கள், பேசிவிட்டுப் போகட்டும். அந்தப் புரட்டாசியில் கூலி உயர்த்திக் கேட்டதற்கு மிராசுதார் வெளியூர் ஆட்களை நடவுக்கு இறக்கினார். வாய்க்கால் கரையில் கைகலப்பு. போலீஸ் வந்து கேஸ் எழுதியது. முதல் பெயர் காத்தான். அவன் ஊரை விட்டே ஓடிவிட்டதாகப் பொன்னுத்தாய் எல்லோரிடமும் சொன்னாள். உண்மையில் அவன் ஆற்றுப் படுகையில் மூங்கில் புதருக்குள் கிடந்தான். விளக்கு வைத்த பிறகு கொல்லைப் பக்கமாக வந்து, சாப்பிட்டுவிட்டுப் போவான்.

இது தெரிந்த இன்னொரு ஆள் மகள் அம்சம். மூன்றாம் வகுப்பு. வாத்தியார் இருதயசாமி கேள்வியை முடிப்பதற்குள் விடை சொல்லிவிடுவாள். தமிழ்ப் பாடத்தை ஒரே மூச்சில் வாசிப்பாள். அதுதான் பொன்னுத்தாய்க்குப் பயம். ஊருக்குச் சொன்ன பொய்யை மகளுக்கும் பழக்கிப் பார்த்தாள். பெண்ணுக்குப் பொய் வரவில்லை, சொல்லும்போதே சிரித்துவிடுவாள். கடைசியில் தோளைப் பிடித்து உலுக்கி ஒரே ஒரு வார்த்தையைச் சொல்லிக் கொடுத்தாள்.

"வெளியாளு யாரு என்ன கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லு. வேற ஒண்ணும் பேசக்கூடாது. பேசுனா அப்பாவை அடிச்சே கொன்னுடுவாங்கடி."

அம்சம் அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

அந்தச் சமயம் பார்த்துத்தானா ஆராய்ச்சி வரவேண்டும்? ஏதோ ஒரு பயிற்சிக் கல்லூரியிலிருந்து பஞ்சநதம் என்பவர் வந்தார். கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கணக்கும் தமிழும் எவ்வளவு வருகிறது என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டு எழுதுவது அவர் வேலை. நல்ல மனுஷர்தான், பிள்ளைகளுக்கு மிட்டாய்கூடக் கொண்டுவந்திருந்தார். ஆனால் அந்த ஊரில் தங்க இடம் ஏது? மிராசுதார் வீட்டில்தான் தங்கினார், அங்கேதான் சாப்பிட்டார். துணைக்கு வந்த காரியஸ்தர் வகுப்புக்குள்ளேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

பள்ளியை ஒட்டி இன்னொருத்தர் வயலில் அன்று நடவு. பொன்னுத்தாய் நட்டுக்கொண்டே ஜன்னலுக்கு நேராக நகர்ந்து வந்தாள். அம்சத்தின் முறை வந்தது. பெண் விறைத்து நிற்பதைப் பார்த்த பஞ்சநதம், கையிலிருந்த தாளைக் கீழே வைத்தார்.

"பயப்படாதேம்மா. உங்க வீட்டை வச்சே ஒரு கணக்கு. ராத்திரி அம்மா ஆளுக்கு ரெண்டு அகப்பை சோறு போடுறாங்க. வீட்டுல எல்லாருக்கும் சேர்த்து எத்தனை அகப்பை?"

காரியஸ்தர் வெற்றிலை மெல்வதை நிறுத்தினார்.

பள்ளிக்கூடத்தையே மிதிக்காத பொன்னுத்தாய்க்கு அந்தக் கணக்கு உடனே வந்தது. ஆறு. அப்பாவை விட்டுவிட்டு நாலு என்று சொல்ல அந்தப் பெண்ணுக்கு வராது, ஆறு என்றுதான் சொல்லுவாள். கையிலிருந்த நாற்று நழுவிச் சேற்றில் விழுந்தது. ஜன்னல் கம்பிக்கு அப்பால் மகளின் உதடு அசைவது தெரிந்தது. ஐயோ, சொல்லப்போகிறாள்.

அம்சம் திரும்பி வயலைப் பார்த்தாள்.

"தெரியாது சார்."

"சரி, வீட்டுல எத்தனை பேரு?"

"தெரியாது சார்."

"போகட்டும், இந்த வரியை வாசி."

"தெரியாது சார்."

"நல்லா படிக்கிற பொண்ணு சார், இன்னைக்கி என்னமோ ஆயிடுச்சு," என்று இருதயசாமி பதறினார். பஞ்சநதம் உண்மையாகவே வருத்தப்பட்டார். கணக்கு பூஜ்யம், தமிழ் பூஜ்யம் என்று எழுதிவிட்டு, ஒரு மிட்டாய் அதிகமாகவே கொடுத்தார். காரியஸ்தர் மறுபடி மெல்லத் தொடங்கினார். பொன்னுத்தாய் சேற்றில் நின்றபடியே மாரியம்மனுக்கு ஒரு கும்பிடு போட்டாள்.

தை மாதம் பேச்சுவார்த்தை நடந்து கூலி கொஞ்சம் ஏறியது, கேஸும் வாபஸ் ஆனது. காத்தான் பட்டப்பகலில் நடுத்தெருவில் நடந்து வீட்டுக்கு வந்தான். வந்ததும் வராததுமாகச் சங்கத்து நோட்டீஸை மடியிலிருந்து எடுத்து மகளிடம் நீட்டினான். அவனுக்கு எழுத்து தெரியாது.

"அப்பா பேரு இதுல அச்சடிச்சிருக்காம்மா. எங்க இருக்கு, வாசிச்சுக் காட்டு."

அம்சம் நோட்டீஸைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள்.

"தெரியாது."

பள்ளியிலும் இப்போதெல்லாம் இதே பதில்தான் என்று வாத்தியார் இரண்டு தரம் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஆராய்ச்சிக்காரர் போனால் சரியாகிவிடும், அப்பா வந்தால் சரியாகிவிடும் என்று பொன்னுத்தாய்தான் தன்னைத் தேற்றிக்கொண்டிருந்தாள். மகளின் அதே தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"இனிமே சொல்லலாம்டி, ஒண்ணும் ஆவாது. வாசிக்க வேணாம்டி, இவரு யாருன்னாவது சொல்லு!"

அம்சம் அவள் கையை விலக்கிவிட்டு எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள். திரும்பி வந்து காத்தானுக்கு எதிரே நின்றாள்.

"தெரியாது," என்றாள்.