இரண்டு முறை வாங்கிய தாம்பூலம்

எங்கள் ஊருக்கு வந்த கல்வி மந்திரி வாக்குத் தவறியவர். இதைப் பூசி மெழுகிச் சொல்ல எனக்குத் தெரியாது.

திருச்செங்கோட்டிலிருந்து பள்ளிபாளையம் போகும் வழியில் அவர் கார் எங்கள் ஊரில் நின்றது. பள்ளிக்கூடம் அப்போது ஓலைக் கொட்டகை. நாலாம் வகுப்போடு சரி. நான் அந்த நாலாம் வகுப்பில் இருந்தேன். ஆண்பிள்ளைகள் மேலே படிக்கத் திருச்செங்கோட்டுக்கு நடந்தார்கள். பெண்பிள்ளையை யார் அனுப்புவார்கள்? உள்ளூரில் ஐந்தாம் வகுப்பு வந்தால்தான் எனக்குப் படிப்பு.

வரவேற்புப் பாட்டுப் பாட எங்களை முன்னால் நிறுத்தியிருந்தார்கள். மணியக்காரர் தட்டில் வெற்றிலை, பாக்கு, தேங்காய், மஞ்சள் வைத்து நீட்டினார். “ஓட்டுக் கட்டடமும் அஞ்சாம் வகுப்பும் வேணுமுங்க” என்று எல்லார் காதிலும் விழச் சொன்னார். எங்கள் பக்கத்தில் கேட்பதைச் சொல்லித் தாம்பூலம் நீட்டினால், வாங்குகிறவர் சம்மதித்துவிட்டார் என்று அர்த்தம். கல்யாணம் நிச்சயமாவதே அப்படித்தான். மந்திரி இரண்டு கையாலும் வாங்கினார். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டிருந்த போட்டோக்காரர், “அசைஞ்சுட்டீங்க, இன்னொரு தடவை” என்றார். மணியக்காரர் தட்டைத் திரும்ப வாங்கி, கேட்டதையே மறுபடி கேட்டார். மந்திரி மறுபடி சிரித்து வாங்கினார்.

அடுத்த வாரமே ஊர் கூடிக் கொட்டகையைப் பிரிக்கப் போனது. புதுக் கட்டடத்துக்கு இடம் வேண்டுமே.

“பிரிக்கறதுக்கு முந்தி ஒரு வார்த்த கேக்கப்படாதுங்களா?” என்றாள் அம்மா.

“தாம்பூலம் மாத்துன பொறகு, பொண்ணு குடுப்பீங்களான்னு எவனாச்சும் போயிக் கேப்பானா புள்ள? இவுரு ரெண்டு தடவ வாங்கியிருக்காரு!” என்றார் அப்பா.

கட்டடம் வரவில்லை. வாத்தியார் புளியமரத்தடியில் பாடம் நடத்தினார். ஐப்பசி மழை பிடித்ததும் அதுவும் நின்றது. நாலாம் வகுப்பும் போனது. அப்பாவும் மணியக்காரரும் சேலத்துக்கு, ஜில்லா போர்டு ஆபீசுக்குப் போனார்கள். உத்தரவு எங்கே என்று குமாஸ்தா கேட்டாராம். “வெத்தல வாங்குனாருங்க” என்றாராம் அப்பா. “போற ஊர்லயெல்லாம்தான் வாங்கறாரு. அதுக்கெல்லாம் பள்ளிக்கூடம் கட்டினா ஜில்லாவே தாங்காது” என்று குமாஸ்தா சொல்ல, ஆபீசே சிரித்ததாம்.

படம் மட்டும் பத்திரிகையில் வந்தது. தட்டு தெரிந்தது, சிரிப்பு தெரிந்தது. ஊரார் மந்திரியைக் கௌரவித்ததாகக் கீழே போட்டிருந்தார்கள். நாங்கள் கேட்டதைப் பற்றி ஒரு வரி இல்லை.

ஊரே மறுபடி ஓலை வேய்ந்தது. அதற்குள் என் வயதுப் பெண்கள் எல்லோரும் காடு கழனி வேலைக்குப் போய்விட்டோம். நான் எழுத்தை விடவில்லை. சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கடைகளிலிருந்து சாமான் கட்டிவந்த பத்திரிகைத் தாளை ஒன்று விடாமல் எழுத்துக் கூட்டிப் படித்தேன். பாதித் தாளில் அந்த மந்திரி படம்தான்: இங்கே அடிக்கல், அங்கே மாலை, இன்னோர் இடத்தில் பெண் கல்வி பற்றிப் பிரசங்கம். படித்துப் படித்துத்தான் இதை எழுதும் அளவுக்கு வந்தேன். அவர் தயவால் அல்ல.

இப்போது அவர் பதவியில் இல்லை, ஆனால் உயிரோடு இருக்கிறார். பெண்கள் படிக்க வேண்டும் என்று இன்னும் மேடையில் பேசுகிறார், பத்திரிகையும் போடுகிறது. அவரைக் கேட்கிறேன். தட்டை வாங்கியபோது மணியக்காரர் கேட்டது உங்கள் காதில் விழுந்ததா, இல்லையா? எனக்குத் தனியாகக் கடுதாசி போட வேண்டாம். அந்தப் படம் வந்த அதே பத்திரிகையில், அதே அளவு இடத்தில், ஊர் பார்க்கப் பதில் சொல்லுங்கள்.